பக்கத்து சீட்டு

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றோடு கோதண்டம் ஓட்டும் கம்பெனி பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தது. உள்ளே, மேடையில் பிமல் மைக்கைப் பிடித்திருந்தான். திரிபுராக்காரன், ஐந்து வருடமாக இங்கே கார்களுக்குக் கதவு மாட்டுகிறவன். கடைசி வரிசையில் அப்பா கோதண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்னாவின் கைக்குள் பொரிப் பொட்டலம் நசுங்கியது. அவளுக்கும் அதே லைனில்தான் வேலை.

மனசில் ஒருத்தர் இருக்கிறார் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். பேர் சொல்லவில்லை. முதலில் அப்பாவைச் சிரிக்க வைக்கலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் பிமலும் பேசி வைத்திருந்தார்கள்.

"என் மூஞ்சிய பாத்து நேபாளம்றாங்க, சைனான்றாங்க. ஆதார காட்டுனா, இத நீ எங்க பிரிண்ட் அடிச்சேன்னு கேக்கறாங்க," என்றான் பிமல். கூட்டம் சிரித்தது. "ஏரியாவுல கார் காணோம்னா மொதல்ல என் ரூமுக்குத்தான் வராங்க. திருடன் கதவ உடைப்பான்ணே. நான் மாட்டி வுடறவன்!"

கோதண்டம் தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் இப்படிச் சிரித்து ரத்னா பார்த்ததில்லை.

"ஆனா பஸ்ல நான் ராஜா. சூப்பர்வைசருக்கே ஒரு சீட்டு, எனக்கு ரெண்டு. எவ்ளோ பேர் நின்னாலும் பக்கத்து சீட்ட எனக்கே வுட்டுட்றாங்க."

சிரிப்பு ஒரு கணம் தயங்கியது. யாரோ விசிலடித்ததும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கோதண்டம் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இன்னா பேச்சு பேசறான் பாரு! வூட்ல இப்டி ஒருத்தன் இருந்தா சோறே வாணாம்."

இதைவிட நல்ல நேரம் வராது என்று ரத்னாவுக்குத் தோன்றியது. "நைனா... நான் சொன்னது அவரத்தான்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போகும் இடம் தெரியாமல் உதட்டோரம் கொஞ்சநேரம் நின்றது.

"சிரிக்கிறது வேறம்மா," என்றார் கடைசியில். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "வாலாஜாபாத்ல உங்க அத்த, மாப்ள எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"திரிபுரான்னு சொல்லு நைனா."

"அந்த மூஞ்சிய பாத்து அவங்களும் சிரிப்பாங்க. அது வேற சிரிப்பு."

விழா முடிந்து பஸ் நிரம்பியது. சற்றுமுன் கைதட்டியவர்கள், "செம்ம மச்சான்!" என்று பிமலின் தோளில் தட்டிவிட்டு, நகர்ந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றார்கள். ஜன்னலோரம் அவன், பக்கத்தில் அந்தக் காலி சீட்டு. அவன் ரத்னாவைப் பார்த்தான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் தலையசைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க, கோதண்டம் வண்டியை எடுத்தார். அவருக்குப் பின்னாலிருந்த தன் வழக்கமான இடத்திலிருந்து ரத்னா எழுந்தாள். நின்றவர்களை விலக்கிக்கொண்டு நடந்தாள். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பிமலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றது. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அப்பாவின் கண்கள் தெரிந்தன. அவர் கை மேலே போய், சந்தனப் பொட்டு வைத்த அந்தக் கண்ணாடியைப் பிடித்தது. திருப்பவில்லை, விடவும் இல்லை. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.