எந்தத் தண்ணியில நிக்கிற?

யூகான் ஆற்றில் வில்மர் எங்கே போய் மீன் பிடிக்கிறான் என்பது அவன் மனைவி போல்டீனுக்குக்கூடத் தெரியாது. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான். அன்று படகு நிறைய மீனோடு கிளம்பும்போது பாழாய்ப்போன என்ஜின் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"போல்டீன், என்ஜின் போச்சு. யாரையாவது கயிறோட அனுப்பு."

"எந்தத் தண்ணியில நிக்கிற?"

"ஆத்துத் தண்ணியிலதான்."

"என்னய்யா, டவுன்காரன் மாதிரி பேசுற? அடியிலேர்ந்து பொங்குற தண்ணியா, மணல்திட்டு மேல சலசலன்னு போற தண்ணியா? நம்ம பேச்சுல ஒவ்வொரு தண்ணிக்கும் தனிப்பேரு இருக்குல்ல, அதைச் சொல்லித் தொலை, இடம் தெரிஞ்சிரும்!"

வில்மர் பயந்ததே அதற்குத்தான். ஊரில் எல்லா வீட்டிலும் இதே வயர்லெஸ்தான் நாள் முழுக்க ஓடும்; யார் பேசினாலும் ஊருக்கே கேட்கும். ஆனால் கொசு பிடுங்கித் தின்றது. கடைசியில் சொல்லிவிட்டான்: அரித்த கரைக்கு அடியில் நுழைந்து, முணுமுணுத்தபடி திரும்பி, ஆற்றை எதிர்த்து மேலேறும் தண்ணீருக்கான ஒற்றைச் சொல். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட தண்ணீர் ஓரிடத்தில்தான் உண்டு.



சற்று நேரத்தில் வளைவைத் தாண்டி நாலு படகுகள் வந்தன. முதல் படகில் போல்டீனின் அண்ணன் ஹோரஸ்.

"கயிறு எங்க மச்சான்?"

"அடடா, அவசரத்துல வலையைத்தான் எடுத்துட்டு வந்தேன் மாப்ளே!"

கயிறு கடைசிப் படகில் வந்த போல்டீனிடம் இருந்தது. தன் வலையை நிதானமாக விரித்து முடித்த பிறகுதான் அவள் அதை எடுத்து வீசினாள்.