கூட்ஸ் வண்டி விழுங்கிய வசனம்

மகள் செங்கொடி நல்ல மனசோடுதான் செய்தாள். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த படம், புதுசாகச் சுத்தம் செய்த பிரிண்ட், சத்தமெல்லாம் துல்லியம் என்று எங்கேயோ தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது டிவியில் போட்டுவிட்டாள். பூவம்மா வடித்த சோற்றையும் சங்கரா மீன் குழம்பையும் மூடி வைத்துவிட்டு, சாப்பாடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் குணசேகரனுக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தகரச் சினிமாக் கொட்டகை இருந்தது. இந்தப் படத்தில் ஜமீன் வீட்டுக் கதாநாயகன் குண்டடிபட்டு, கதாநாயகியின் மடியில் சாய்ந்து வாயைத் திறக்கவும், யார்டிலிருந்து கூட்ஸ் வண்டி கிளம்பவும் சரியாக இருக்கும். கடைசிப் பெட்டி கடப்பதற்குள் ஆள் செத்துப்போயிருப்பான். படம் ஓடிய நாளெல்லாம் இதே கூத்து. சாகும்போது அவன் என்ன சொன்னான் என்று பேட்டையில் ஒருத்தருக்கும் தெரியாது. டீக்கடையில் ஆளுக்கொரு வசனம் சொல்லிக் கட்டிப் புரளாத குறை.

ஒருநாள் ஆட்டம் விட்டு வெளியே வரும்போது, அழுதழுது மூக்குச் சிவந்த ஒரு பெண் தன் அக்காவிடம் கேட்டது குணசேகரன் காதில் விழுந்தது. “யக்கா, அவன் இன்னா சொன்னான்?” அக்காவுக்குத் தெரியவில்லை. குணசேகரனுக்கும்தான் தெரியாது. ஆனால் இளவட்டத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

“எனக்குக் கேட்டுச்சி. ‘அழாத, சோறு ஆறுது, போய்த் துன்னு’ன்னான்.”

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள்தான் பூவம்மா.

அந்த வசனமும் அவளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. சண்டை போட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதைத்தான் சொல்வார். அவள் அப்பா இறந்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சுருண்டு கிடந்தவள் முன்னால் தட்டை வைத்தும் அதையேதான் சொன்னார். எழுந்து சாப்பிட்டாள். பொய்தான், ஆனால் குடித்தனத்தின் அஸ்திவாரத்தில் கிடக்கிற பொய். இந்த வயசில் அது உடைந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

படம் ஓடியது. கதாநாயகனின் விக் காற்றில் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. செங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா நைனா, இத்தப் பாக்கவா கியூவுல நின்னீங்க?”

“நீ சும்மா கெட. எங்க அக்கா பக்கத்துல குந்திகினு கீற மாதிரியே கீது எனக்கு. வேர்க்கடல வாசனகூட வருது,” என்றாள் பூவம்மா. விக் அவள் கண்ணில் படவே இல்லை. படம் ஒன்றும் பிரமாதமில்லை, அது குணசேகரனுக்கு அன்றைக்கே தெரியும். பார்த்த வயசு பிரமாதம். பாட்டு வந்ததும் அவரும் பயத்தை மறந்து தொடையில் தாளம் போட்டார்.

குண்டு வெடித்தது. தாளம் நின்றது. குணசேகரன் ஜன்னலைப் பார்த்தார். நாள் முழுக்க வீட்டை ஆட்டிக்கொண்டு போகிற கூட்ஸ் வண்டி, இன்றைக்குப் பார்த்து ஒன்றையும் காணோம். வேறு வழியில்லாமல் இருமினார். ரயிலுக்கு ஈடாக இருமினார்.

“தண்ணியக் குடிச்சிட்டு கம்முனு குந்துய்யா!” என்று பூவம்மா அதட்டினாள்.

கதாநாயகன் கணீரென்று சொன்னான்: “அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.” சொன்னான், செத்தான்.

செங்கொடி திரும்பினாள். “சோறு ஆறுதுன்னு சொல்லுவான்னியே நைனா?”

குணசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சுட்டது.

“சாவும்போதுகூட அம்மா பேச்சுதான் அவனுக்கு,” என்றாள் பூவம்மா. “அன்னிக்கும் இத்தக் கேட்டுத்தான் எனக்குப் பத்திகினு வந்துச்சி.”

“என்னிக்கு?” என்று குணசேகரன் நிமிர்ந்தார்.

“அடுத்த வாரமே எங்க சித்தி ராயபுரத்துக்கு இட்டுகினு போய் இதே படத்தக் காட்டுச்சே. அங்க ஏது கூட்சு? நல்லாத்தான் கேட்டுச்சி. ஏன்யா, ஜமீன் வூட்டுப் புள்ள எந்தப் படத்துல ‘துன்னு’ன்னு பேசினான்?”

“தெரிஞ்சேவா என்னியக் கட்டிகின?”

“தெரிஞ்சிதான். அவன் அவுங்க அம்மாவப் பாத்துக்கச் சொன்னான். நீ என்னியத் துன்னச் சொன்ன.”

குணசேகரனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிசாக, சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவர் ஏமாற்றுகிறோம் என்று பயந்துகொண்டிருக்க, அவள் ஆசைப்பட்டே ஏமாந்துகொண்டிருந்திருக்கிறாள்.

பூவம்மா ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பின்னால் தள்ளினாள். சத்தத்தை நிறுத்தினாள். கதாநாயகன் மறுபடியும் மடியில் சாய்ந்து வாயைத் திறந்தான். அன்றைக்குப் போலவே அவள் கண் நிறைந்துவிட்டது.

“உம், சொல்லு,” என்றாள்.

குணசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அழாத பூவு. சோறு ஆறுது, வந்து துன்னு.”