தொடாமல் போனவன்

மழைக்காலம் முடிந்து பாதை திறக்கிற காலை அது. கடலோரப் பாறை விளிம்பிலேயே போய், காட்டுக்குள் நுழைந்து, மறுபக்கக் குடாவில் இறங்குகிற பாதை. நடக்க வருகிற வெளியூர்க்காரர்களை நம்பித்தான் தஞ்சோங் லிபாஸ் கிராமத்தில் பாதிக் குடும்பங்கள் பிழைக்கின்றன. பாதையை வெட்டித் திறந்தது சுடினின் குடும்பம். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பாதையில் முதல் அடி வைக்கிற உரிமை அந்த வீட்டுக்கு.

சுடின் கழுத்துவரை பொத்தான் போட்டு, சொங்கோக் தொப்பியை நேராக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அவருடைய மகன் ஜெமாட் இப்போது முடிந்த மழையின் தொடக்கத்தில் இந்தப் பாதையில்தான் வழுக்கி விழுந்து இறந்தான். நினைத்தால் ஏதாவது தோன்ற வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. கடல் இரைந்துகொண்டிருந்தது.

ஜெமாட்டின் மனைவி டாயாங் தட்டோடு வந்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த புளுட் என்கிற பசையரிசிச் சோறு. பாதையில் ஏறுகிறவர்கள் ஒரு வாய் சாப்பிட வேண்டும். பசியில்லாவிட்டால் விரலால் தொட்டு உதட்டில் வைத்தாலும் போதும். வைத்த சோற்றைத் தொடாமல் போகிறவனைக் காடு விடாது. சோறு வைக்காமல் ஆளை அனுப்புகிற வீட்டுக்கு முதல் அடி கிடையாது.

பாராங் கத்திகளோடு நின்ற இளைஞர்கள் தட்டைச் சூழ்ந்தார்கள்.

"டேய் செமான், தொட்டியா இல்லையா?"

"ரெண்டு வாய் போட்டாச்சு. ஜெமாட் பண்ணிட்டுப் போக எனக்கென்ன கிறுக்கா?"

சிரித்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஊரில் அந்தப் பேச்சு புழங்கியது. திமிராக எதையாவது தட்டிக்கழித்தால் 'ஜெமாட் பண்றான்'. யாரோ இடிக்க, செமான் அப்போதுதான் தட்டைப் பிடித்திருப்பவளைப் பார்த்தான்.

"ஐயோ காக்... வாய் தவறிப் போச்சு," என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சினான்.

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ," என்றாள் டாயாங்.

ஜெமாட் இறந்த அன்று நடந்தது சுடினுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். டாயாங்கின் மகளுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் விழித்திருந்தவள் விடியலில் கண்ணயர்ந்துவிட்டாள். ஜெமாட் அவளை எழுப்பாமலே பாதையைப் பார்த்துவரக் கிளம்பிவிட்டான். அடுப்பே பற்றவைக்கவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுதுகொண்டே சொன்னபோது, "இது வாசலைத் தாண்டக் கூடாது," என்றார் சுடின். தாண்டவில்லை. தொடாமல் போயிருப்பான் என்று ஊரே முடிவு செய்துகொண்டது. அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீட்டின் பெயர் நின்றது.

கடைசியாகத் தட்டு அவரிடம் வந்தது.

"நேத்து பொண்ணு கேட்டா அப்பா," டாயாங் தணிந்த குரலில் சொன்னாள். "எங்கப்பா திமிரு பிடிச்சவராம்மா, எல்லாரும் சொல்றாங்களேன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்ல? நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்களே."

சுடின் சோற்றைத் தொட்டு உதட்டில் வைத்தார். ருசி எதுவும் தெரியவில்லை.

"லாசிம்," என்று கூப்பிட்டார். பாதையில் அடுத்த உரிமை உள்ள வீட்டின் தலைவர் அவர்.

"சொல்லுங்க பாக்," என்றார் லாசிம், பெரியவரை அழைக்கிற மரியாதையோடு.

"என் மகன் சோத்தைத் தொடாம போகல. அன்னிக்கு என் வீட்டுல சோறே வைக்கல."

"அப்பா, அது நான்தான்..."

"வீட்டுல வைக்கலன்னா வைக்கல. யாருன்னு கேக்க இங்க யாருக்கும் உரிமையில்ல."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லாசிம் மட்டும் அருகில் வந்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் முதல் அடி..."

"நீங்க வைங்க."

லாசிம் பாதையின் அடியில் தயங்கித் திரும்பிப் பார்த்தார். சுடின் தாடையை உயர்த்தினார், போ என்பதுபோல. வரிசை நகர்ந்தது. நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்தார்; அதுவும் இல்லை. முதுகை வளைக்காமல் கடைசி ஆளாக ஏறினார். வாழ்நாளில் இந்தப் பாதையில் அவர் யார் முதுகையும் பார்த்து நடந்ததில்லை.

பாறை விளிம்பு குறுகிய இடத்தில் கயிறு கட்ட நின்றார்கள். கீழே அலை வெள்ளையாக உடைந்தது. செமான் முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்.

"பாக்... ஜெமாட் அபாங் இங்கதானே?"

"இங்கதான்."

அபாங் என்கிறான், அண்ணனைச் சொல்வதுபோல. அதைச் சுடின் கவனித்தார். கவனித்ததைத் தவிர வேறொன்றும் உள்ளே நிகழவில்லை.

"முடிச்சு தளர்வா இருக்கு," என்றார். "அவுத்துட்டு இறுக்கிக் கட்டு."