வாய் அடைத்த குழாய்கள்

ஆவணி பிறந்துவிட்டால் எம். புதுப்பட்டியில் யாருக்கும் நோய் வரக் கூடாது. வந்தாலும் தீபாவளி வெடி லோடு லாரியில் ஏறும்வரை அது தெருவில் காத்துக் கிடக்க வேண்டும். இருளம்மாளின் நோய்க்கும் அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் பொன்னுத்தங்கத்துக்குத் தெரியாததில்லை. தீக்குச்சி அடுக்கிய கையோடு கல்லூரிக்குப் போய், தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். இப்போது விருதுநகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மனம் பிசகி, ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அவள் பொறுப்பில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரைக் கைவிட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் வேலை.

முதல்முதலாகப் பார்த்தபோது இருளம்மாளின் காலில் சங்கிலி கிடந்தது. போட்டவன் அவளுடைய அண்ணன் அய்யாதுரை.

"ரோட்டுல ஓடிருதா தாயி. லாரி கீரி அடிச்சிப் போட்டா யாரு பதில் சொல்லுதது?"

அந்தச் சங்கிலியைக் கழற்றுவதற்குள் பொன்னுத்தங்கத்தின் செருப்பு தேய்ந்தது. கெஞ்சினாள், சண்டை போட்டாள், தினமும் வந்து நின்றாள். கழன்றது. இருளம்மாள் குளித்தாள், தலை சீவினாள், அண்ணன் மனைவி ராமுத்தாயோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினாள். "இனி நாங்களே மாத்திரை கொடுத்துக்கிடுதோம்" என்றாள் ராமுத்தாய். தினமும் வந்தவள் வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது வீட்டுக்குள் குழாய் மலைபோல் குவிந்திருந்தது. இருளம்மாளின் கை நிற்கவே இல்லை. காகிதம், பசை, உருட்டு. காகிதம், பசை, உருட்டு.

"பாத்தீகளா எங்க இருளு கைய? தெருவே கண்ணு போடுது" என்றாள் ராமுத்தாய்.

"நாளைக்கு நான் போற கம்பெனி வேன்லயே ஏத்திவிடுதேன். வெடிமருந்து அடைக்கிற ரூம்ல ஆள் பத்தலையாம். போர்மேன் சரின்னுட்டாரு" என்றான் அய்யாதுரை.

பொன்னுத்தங்கத்துக்குச் சந்தோஷம். கை ஓடினால் ஆள் தேறிவிட்டாள். இந்த ஊர்ப்பக்கம் வேறு கணக்கு கிடையாது. போன வாரமே ஆபீசில் இதைப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டே குவியலின் அடியிலிருந்து ஒரு குழாயை எடுத்தாள். இரண்டு வாயும் பசை போட்டு அடைத்திருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. வாய் திறந்தவை மேலே கிடந்தவை மட்டும்தான்.

"ஏன்க்கா இதை அடைச்சீக?"

இருளம்மாள் நிமிரவில்லை. "உள்ள இருக்கான். தொறந்தா பேசுவான்."

"யாரு?"

"பேரச் சொன்னா வந்துருவான்லா."

பொன்னுத்தங்கம் குழாயைக் கீழே வைத்தாள். ராமுத்தாயைப் பார்த்தாள். "மதினி, மாத்திரை?"

ராமுத்தாய் ஒளிக்கவில்லை. "சீசன் முடியட்டும்னு நிறுத்திட்டேன். அதைப் போட்டா உச்சிவரைக்கும் உறங்குதா. கை வெடவெடன்னு ஆடுது. குழாய் லூசா வருதுன்னு கம்பெனியில திருப்பி விட்டுருதான். நிறுத்தின பொறவு பாருங்க, ராவும் பகலும் உருட்டுதா."

"உறங்குறதே இல்லையா?"

"உறங்கினா யாரு சோறு போடுவா?"

பொன்னுத்தங்கம் கத்தினாள். வெடிமருந்து அறைக்கு அனுப்பக் கூடாது என்றாள். அய்யாதுரை வாசலைக் காட்டினான். "சங்கிலியக் கழட்டுன்னீக, கழட்டியாச்சு. வேலைக்கு அனுப்புன்னீக, அனுப்புதேன். இப்ப அதுவும் ஆகாதா? போங்க தாயி."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேன் தெருமுனையில் நின்றது. போர்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருளம்மாளை ஏற்ற மாட்டார்கள். ஆனால் சொன்ன வார்த்தை வேனோடு போய்விடாது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் இருளம்மாளுக்கு ஒரு கட்டுக் காகிதம்கூடத் தராது. பொன்னுத்தங்கம் வாயைத் திறக்க மாட்டாள் என்று அய்யாதுரைக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் தங்கச்சியின் கையைப் பிடித்து நடத்தி வந்தான்.

"ஏலே அய்யாதுரை, என்ன, தங்கச்சிய மறுவீட்டுக்கா அனுப்புத? வெரசா ஏத்துலே!" வேனுக்குள்ளிருந்து ஒரு கிழவி கூவ, பெண்கள் சிரித்தார்கள்.

பொன்னுத்தங்கம் குறுக்கே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன்ணே. அந்த ரூமுக்குள்ள இரும்பு ஏன் ஆகாது?"

"பொறி பறக்கும். ஒரு ஆணி விழுந்தாப் போதும். இது ஒரு கேள்வியா?"

"கொண்டை ஊசியக்கூட வெளியே வச்சிட்டுத்தான் போவாக. சரி. இன்னைக்கு நீங்க பெட்டி போடுற ஷெட்டுக்குப் போகாதீக. அக்கா பக்கத்துல உக்காந்து நீங்களும் மருந்து அடைங்க. அவக உறங்கி எம்புட்டு நாளாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டே உக்காருங்க."

அவன் வாய் ஏதோ சொல்லப் போனது. அதற்குள் கண் தங்கச்சியின் கைக்குப் போய்விட்டது. மூடிய உள்ளங்கைக்குள் ஒரு குழாய், இரண்டு பக்கமும் அடைத்தது. அதைக் காதோரம் வைத்து, பிள்ளையை அதட்டுவதுபோல் அவள் மெதுவாகச் சொன்னாள்: "சத்தம் போடாத. போறோம்ல."

அய்யாதுரை அவள் கையை விட்டான். அப்புறம் மறுபடி இறுக்கிப் பிடித்தான்.

"இவளுக்குக் காய்ச்சல்!" என்று வேனைப் பார்த்துக் கத்தினான். "நீங்க போங்க. நானும் வரல."

வேன் போனது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பொன்னுத்தங்கத்தின் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டான்: "சங்கிலிய எடுக்கவா?"

"வேண்டாம். தண்ணி எடுங்க."

மாத்திரையைக் கண்டதும் இருளம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நா உறங்கினா அவன் வெளிய வந்துருவான்."

"நான் இங்கனயேதான் இருக்கேன். வந்தா நான் பாத்துக்கிடுதேன்க்கா."

வெகுநேரம் கழித்து விழுங்கினாள். அன்று பொன்னுத்தங்கம் அங்கேயே இருந்து இரண்டாம் வேளையும் கொடுத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் குழாய்க் குவியலின் மேலேயே சரிந்து உறங்கினாள் இருளம்மாள்.

"லோடை யாரு முடிப்பா? உங்க ஆபீசுலருந்து ஆள் அனுப்புவீகளோ?" ராமுத்தாயின் குரலில் நெருப்பு.

"நாளைக்கு நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்க மதினி. அக்காவுக்குக் கை நடுங்குதுன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அதுக்கும் மாத்திரை இருக்கு. உறக்கம் வார மாத்திரைய ராத்திரிக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேப்போம்."

"இதை முன்னாலயே சொல்லிருக்கலாம்ல?"

"கை நடுங்குதான்னு நான் கேக்கவே இல்ல மதினி" என்றாள் பொன்னுத்தங்கம். யார்மேல் கோபப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. "இனி தினமும் வருவேன். தீபாவளி கழிஞ்சும் வருவேன்."

ராமுத்தாய் முனகிக்கொண்டே குழாய்களை ஒதுக்கி, நாத்தியாளின் தலைக்கடியில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள். மூடியிருந்த விரல்களைப் பிரித்து அந்தக் குழாயை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றாள் பொன்னுத்தங்கம். "ஒருநாள் அவகளே கீழ போடுவாக."