முட்டு எடுக்கும் நாள்

புசல்லாவையில் பஸ் ஏறி, சன்னலோரமாக இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, அப்பாடா என்று சாய்ந்த நேரத்தில்தான் சுதர்சினியின் போனுக்கு அந்தப் படம் வந்தது. அனுப்பியவள் அம்னா. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிக்கப் போகிற பெண். "மிஸ், நீங்க எவ்வளவு வடிவா ஈக்கிறீங்க பாருங்க" என்று கீழே எழுதி இரண்டு பூவும் போட்டிருந்தாள்.

திகனயில் அம்னாவின் வாப்பா ஹபீல் ஹாஜியார் வீட்டு மேல்மாடிக்குக் கொங்கிரீட் போட்ட அன்று எடுத்த படம். மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் மாப்பிள்ளை வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். அது பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுகிற வேலை. ஹாஜியார் தன் வீட்டுக்கு மேலேயே இன்னொரு வீட்டை எழுப்பினார். அதன் முன்பக்கத்தில் நாலடிக்கு வெளியே நீண்டு நிற்கும் ஒரு பெல்கனி. கீழே தூண் கிடையாது. அதற்குப் பிளான் கீறியவள் சுதர்சினிதான். கண்டியில் ஒரு சின்னக் கட்டடக் கம்பனியில் டெக்னிக்கல் ஒபிசர். நாலு வருடமாக மற்றவர்கள் கீறியதையே திருத்திக்கொண்டிருந்தவள், இஞ்சினியர் தலையாட்ட, முதன்முதலாகத் தன் கையால் கீறிய ஒன்று மண்ணுக்கு மேலே எழும்பியது இங்கேதான். அந்தப் பெருமையைப் புசல்லாவையில் கேட்காத காதே இல்லை. அம்மா மரக்கறிக்காரனிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

படத்தில் நடுவில் அவள் நின்றாள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் கொங்கிரீட் நிறைந்த தாச்சி. ஒரு பக்கம் ஹாஜியார். மறுபக்கம் அவர் மனைவி ருக்கியா, அம்னா, அவளுக்குச் சின்னம்மா முறையான சாச்சிமார் மூன்று பேர். வீட்டில் எல்லாரும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆளுக்கொரு தாச்சி கொட்ட வேண்டும் என்று ஹாஜியார் ஆசைப்பட்டார். முதல் தாச்சியை அவளிடம்தான் நீட்டினார். "வீட்ட கீறின புள்ள நீங்க, நீங்கதான் முதல்ல போடோணும்" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அதற்குமேல் என்ன மரியாதை வேண்டும். அவளுக்கு அன்று கண் கலங்கிப் போனது.

படத்தை விரலால் பெரிதாக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கீழே இழுத்துக் காலைப் பார்த்தாள். பார்த்த கண் அப்படியே நின்றுவிட்டது.

ஏழு பேரும் கம்பியின்மேல் நின்றார்கள். காலையில் அவளே அளவு நாடா பிடித்து, சரி என்று எழுதிக்கொடுத்த மேல்கம்பி. பலகைக்கு நாலு அங்குலம் மேலே நிற்க வேண்டிய அது, அவள் சப்பாத்துக்கு அடியில் வளைந்து பலகையோடு ஒட்டிக் கிடந்தது. அது போகட்டும், மிதித்தால் தூக்கிவிடலாம். ஆனால் படத்தின் இடது மூலையில், சாச்சிமாரின் முதுகுக்குப் பின்னால், மெஷினிலிருந்து வந்த கொங்கிரீட் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது. படுத்துக் கிடந்த கம்பிக்கு மேலேதான் விழுந்திருந்தது.

அன்றைக்குப் படம் எடுத்து முடிந்ததும் ருக்கியா அவள் கையைப் பிடித்து, சாப்பிட வாங்க என்று கீழே இழுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பி மேலே வந்தபோது பெல்கனி முழுவதும் மூடியிருந்தது. கம்பியைத் தூக்கினீர்களா என்று மேசன் இராமகிருஷ்ணன் பாஸிடம் கேட்டாள். அதெல்லாம் பார்த்துக்கிட்டேன் மிஸ் என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

இதிலென்ன இவ்வளவு என்று கேட்பவர்கள் பேக்கரிப் பாணில் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை மட்டும் பிடித்து நீட்டிப் பாருங்கள். மறுமுனை தொங்கும். பிடித்த இடத்தில், மேல்பக்கம்தான் பிய்யும். கொங்கிரீட்டும் அப்படித்தான். நசுக்கினால் எவ்வளவும் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். பிய்யாமல் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கம்பி. இரண்டு சுவரில் தாங்கி நிற்கும் தட்டுக்கு நடுவயிறு தொங்கும், ஆகவே கம்பி அடியில் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து நிற்கும் பெல்கனிக்குக் கம்பி மேலே வேண்டும். அடியில் எத்தனை கம்பி கிடந்தாலும் இல்லாததற்குச் சமம். இதைப் படிப்பிக்காத கட்டட வகுப்பு உலகத்தில் இல்லை.

இதுவரை அந்தப் பெல்கனியைப் பிடித்திருந்தது கம்பியே அல்ல, கீழே ஊன்றியிருந்த எட்டு முட்டுகள். அந்த எட்டையும் எடுக்கிற நாள் இன்றைக்கு. அவள் பதினொரு மணிக்குப் போய் நின்று எடுப்பதாகப் பேச்சு.

பாஸுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அந்த மனிதர் போனைச் சோற்றுப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். கம்பளை வருவதற்குள் பதினாறு தரம் அடித்திருப்பாள். இஞ்சினியரின் போன் ஓஃப். மிச்சமிருந்தது ஹாஜியாரின் நம்பர். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள், அழுத்தவில்லை. என்னவென்று சொல்வது? நாலு நாளில்லை, இரண்டே நாளில் கல்யாணம். தெல்தெனியவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்கப் போகிறார்கள். உங்கள் பெல்கனி கூடாது, உடைக்க வேண்டும் என்று பஸ்ஸுக்குள் இருந்து எப்படிச் சொல்வது? போனோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டில் வந்த ஒரு வயதான அம்மா, வாந்தி வருதா பிள்ளை என்று ஒரு தேசிக்காயை நீட்டினார். வாங்கி முகர்ந்துகொண்டாள்.

பேராதனைப் பாலம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே ஹாஜியார் எடுத்துவிட்டார். பின்னால் ஒரே சத்தம். கதிரை இறக்குகிறார்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். வாங்க மகள், பகல் சாப்பாடு எங்கட வீட்டுலதான் என்றார். சரி ஹாஜியார் என்றாள்.

"நான் வர்ற வரைக்கும் முட்ட கழட்ட வேணாம்னு பாஸ் கிட்ட சொல்லிருங்க ஹாஜியார்" என்று மட்டும் சொன்னாள்.

சரி சரி என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை. அவளும் ஏன் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான், கல்யாண வீட்டில் காரணம் சொல்லாத பேச்சு யார் காதில் நிற்கும் என்று உறைத்தது. திரும்ப அடித்தாள். லைன் பிசி. சனியனே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்து அம்மா தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்டியில் இறங்கி, சனத்தை இடித்துக்கொண்டு ஓடி, திகன பஸ்ஸில் தொற்றினாள். குண்டசாலையில் ஒரு லொறி றோட்டை மறித்துப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மனதுக்குள் பெல்கனி ஐந்து தரம் விழுந்தது. ஒவ்வொரு தரமும் அடியில் ஒவ்வொரு ஆள் நின்றார். திகனச் சந்தியில் ஒரு திரீவீலைப் பிடித்து, மேட்டில் ஏறச் சொன்னாள்.

வளைவு திரும்பியதும் எண்ணினாள். இரண்டு. எட்டு முட்டில் வலது பக்க மூலையில் இரண்டுதான் நின்றன. மிச்சம் ஆறும் மதிலோரம் அடுக்கிக் கிடந்தன. ஹாஜியாரிடம் சொன்னது பாஸ் காதுக்கு வரவே இல்லை. அவருக்கு ஜும்ஆ தொழுகைக்கு முன்னமே வாசலைத் துப்பரவாக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். சோடனைக்காரர்கள் கீழே துணியோடு காத்து நின்றார்கள். மேலே, பெல்கனியில், அம்னாவும் இரண்டு சாச்சிமாரும் கிராதியில் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ் ஏழாவது முட்டின் ஆப்பைத் தட்ட சுத்தியலை ஓங்கியிருந்தார்.

திரீவீல் நிற்கும் முன்னே குதித்தாள். மூச்சு வாங்கியது. அவள் வந்ததைக் கண்ட சின்னச் சாச்சி சிரித்துக்கொண்டு, கீழே எட்டிப் பார்க்க கிராதிமேல் சாய்ந்தார். ஆறேழு அடி தள்ளி நின்ற அம்னாவும் அவர் பக்கம் வந்தாள்.

"உள்ள போங்க!"

அவ்வளவு பெரிய சத்தம் தன்னிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. சாச்சியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. என்ன மிஸ் என்று கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"முன்னுக்கு வராதீங்க. மெதுவா, ஓடாம, உள்ள போங்க. பாஸ், சுத்தியல கீழ போடுங்க. அடியில நிக்கிறவங்க எல்லாம் றோட்டுக்குப் போங்க."

போனார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்ன பேச்சு இது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மூன்று பேரும் அறைக்குள் கால் வைத்ததைப் பார்த்த பிறகே சுதர்சினி படியேறினாள். வாசற்படிக்கு இந்தப் பக்கமே முழங்காலில் இருந்து, சுவரும் பெல்கனியும் சேரும் இடத்தைப் பார்த்தாள். இடது மூலையிலிருந்து ஒரு வெடிப்புக் கோடு. மயிர் தடிப்புக்கூட இல்லை. நாலு சாண் நீளம் வந்து நின்றிருந்தது. ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு வாங்கி அதன்மேல் ஊற்றினாள். தண்ணீர் ஓடவில்லை. கோடு குடித்துவிட்டது.

கீழே வந்து, எல்லா முட்டையும் திரும்ப வைக்கச் சொன்னாள். பாஸ் மதிலோரம் போய் முட்டைத் தூக்கினார். ஐம்பது வயது மனிதர், இருபது வயதுக்காரன் மாதிரி ஓடி ஓடி ஊன்றினார். கடைசி ஆப்பை அடித்து இறுக்கிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு முன்பக்கத்துக் கம்பியை மட்டும்தான் தூக்கினாராம். சுவர்ப் பக்கம் அதற்குள் கொங்கிரீட் மூடிவிட்டதாம். திரும்ப அள்ளச் சொன்னால் அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் அவமானமாகப் போகும் என்று விட்டுவிட்டாராம். அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவது?

ஹாஜியார் குளித்து, வெள்ளை உடுப்போடு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு வந்தவர், வாசலில் திரும்பவும் எட்டு முட்டு நிற்பதைக் கண்டு திகைத்தார். அவள் அவரை ஒரு கதிரையில் உட்காரச் சொன்னாள். தான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். படத்தைக் காட்டினாள். கோட்டைப் பற்றிச் சொன்னாள். முட்டு நிற்கும் வரைக்கும் விழாது, ஆனால் யாரும் மேலே கால் வைக்கக் கூடாது, கல்யாணம் முடிந்து இதை உடைத்துத் திரும்பப் போட வேண்டும், பிழை தன்னுடையது, கம்பனிக்கும் தானே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். சொல்லி முடித்து, ஒரு முட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ருக்கியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வருவதை அங்கே நின்று பார்க்க வேண்டும் என்று பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டது என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஹாஜியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சோடனைக்காரர்களைக் கூப்பிட்டு, முட்டு நிற்கட்டும், துணி போட்டு மறைக்கவும் வேண்டாம், தெல்தெனியக்காரர்களுக்கு அவரே விஷயத்தைச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் போன பிறகு அவள் பக்கம் திரும்பினார். கோபிப்பார் என்று அவள் நினைத்தாள். கோபித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அன்டைக்கு நாங்க எல்லாரும் அதுல ஏறி நிக்கக்குள்ள, கம்பி படுக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சா மகள்?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "தெரிஞ்சிச்சு ஹாஜியார்."

"அப்ப ஏன் எறங்கச் சொல்லல்ல?"

"எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்துக்கிட்டு, ஆசையா வந்து நின்னீங்க. மொத தாச்சிய என் கையில குடுத்தீங்க. அதுக்கப்புறம் எப்படி எறங்குங்கன்னு சொல்றது? கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேன்."

ஹாஜியார் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. எழுந்து, தொப்பியைச் சரியாக்கிக்கொண்டு, முட்டுகளுக்கு நடுவே குனிந்து வெளியே போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"கோவிச்சிருப்பம் மகள்" என்றார். "ஒரு நாள். கூடினா ரெண்டு நாள்."

சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார். சுதர்சினி முட்டைப் பிடித்தபடியே நின்று அழுதாள். மேலே அம்னா அறைக்குள் இருந்துகொண்டே கையை நீட்டி வயரைப் பிடித்து, கட்டிய லைட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள்.