கோம்பைக் குவாரியில் ஐந்து குழிகள்

நட்ட நூற்றிருபது வேம்பில் இரண்டுதான் பச்சையாக நின்றன. மூன்றே வாரம். கோம்பை மலையடிவாரத்தில், மூடிய கல்குவாரியின் ஓரத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணி முடித்ததும் உட்கார இடம் தேடினேன். தேனியில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. முட்டி தேய்ந்துவிட்டது. பொறுமை அதற்கும் முன்னாலேயே போய்விட்டது.

இந்த மண்ணில் மரம் வளரும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

கடப்பாரையால் ஒரு செடியடியில் குத்தினேன். வெறும் கல்தூசி. நான் மாதிரி எடுத்த ஐந்து குழிகளையும் போய்ப் பார்த்தேன். அங்கே மட்டும் அரையடிக்குக் கறுப்பு மண், அதற்குள் நத்தை ஓடு. மலையடிவாரத்துக்கு நத்தை எங்கிருந்து வரும்? கண்மாய்க் கரம்பை, குளத்தடியில் படிகிற வண்டல். யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். குவாரி மேனேஜர் திலீபனாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்போது மாயக்காள் தண்ணீர்க்குடத்தோடு வந்தாள். நிலம் அவளுடையது. பன்னிரண்டு வருடமாகக் குவாரிக்குக் குத்தகையில் இருந்தது, வெள்ளிக்கிழமை அவளிடம் திருப்பித் தருகிறார்கள். ஒரு காலத்தில் மொச்சையும் கடலையும் விளைந்த காடு இது, மறுபடி விதைக்க வேண்டும் என்று போன தடவையே சொல்லியிருந்தாள். நான் குழியைக் காட்டியதும் எதையும் மறைக்காமல் ஒத்துக்கொண்டாள்.

"பரிச்சையில பெயிலாயிட்டா நெலம் திரும்பி வராதுன்னு சொன்னாக மேடம். அதேன் கரம்பைய நாந்தேன் சொமந்து கொட்டுனேன்."

எங்கள் வழக்கம் அவளுக்கு வசதியாகப் போயிருக்கிறது. முதல் நாள் சுண்ணாம்புத் தூளால் இடத்தைக் குறித்துவிட்டுப் போவோம், மறுநாள் வந்து தோண்டுவோம். நான் கிளம்பியதும் பொழுது சாய்வதற்குள் முப்பது கூடை சுமந்திருக்கிறாள். குழி பறித்து நிரப்பி, மேலே கல்தூசியைப் பரப்பி, சுண்ணாம்பையும் திரும்பத் தூவி வைத்திருக்கிறாள். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கூட்டி வைப்பது மாதிரி.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்றடி தோண்ட வேண்டும். அன்றைக்கு வெயில், முட்டிவலி. கறுப்பு மண் கண்ணில் பட்டதும் பழைய மேல்மண் மிஞ்சியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அரையடியோடு நிறுத்திக்கொண்டேன். வெட்கக்கேடு.

அவளிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. மண் தேறாவிட்டால் குவாரிக்காரர்கள் தங்கள் செலவில் மூன்றடிக்கு வெளியிலிருந்து மேல்மண் கொண்டுவந்து பரப்பித் தர வேண்டும். தேறிவிட்டால் செடியை நட்டுவிட்டுப் போய்விடலாம். மண் எப்படி இருந்தாலும் நிலம் அவளுக்குத்தான். மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன்.

குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்பக் கெட்ட மண்ணுன்னு எழுதியிருந்தா, நல்ல மண்ணு வந்திருக்குமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. கல்தூசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இனி ஒரே வழிதான். என் அறிக்கை தப்பு என்று நானே எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் மறுபரிசோதனை கேட்க வேண்டும். அடுத்த மாதம் என் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் போனால் புதுப்பிக்க மாட்டார்கள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். எரிச்சலாக வந்தது, அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

விஷயத்தைச் சொன்னதும் அவள் பதறினாள்.

"நாங் கொட்டுனேன்னு எழுதிருங்க மேடம். ஒங்க மேல ஏன் போட்டுக்கறீக?"

அப்படி எழுதினால் நிலத்துக்காரியே ஏமாற்றினாள் என்று திலீபன் கையை விரித்துவிடுவான். ஒரு கூடை மண்கூட வராது. அதையும் அவளுக்குச் சொன்னேன்.

ஒரு பாறை மேல் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் எழுதினேன்: மூன்றடி தோண்ட வேண்டிய இடத்தில் அரையடிதான் தோண்டினேன்.