இரண்டு தடத்திலும் ஒரே தையல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு துருப்பிடித்த ஆணி. சமாதானக் காலம் என்று எல்லோரும் கொஞ்சம் பயத்தோடு சொல்லிக்கொண்ட நாட்கள் அவை. இறக்கக்கண்டிக்குப் போகும் வழியில் என் மோட்டார் சைக்கிளின் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. வெயிலைத் திட்டியபடி உப்புவெளி வரைக்கும் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தேன். அங்கே ரியூப் ஒட்டும் கடை வைத்திருந்தவர் ஸெய்னுதீன், மூதூர்க்காரர். ரியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி தேடியபடியே பழைய கதை ஒன்று சொன்னார். போர் மும்முரமாக இருந்தபோது அவர் ஜீப் ஓட்டியவர். ஒருமுறை ஈச்சிலம்பற்றிலிருந்து பாம்பு கடித்த ஒருவரைக் காட்டுப்பாதையால் மூதூருக்கு ஏற்றி வந்தாராம்.

சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ரியூபைத் துடைக்கத் தொடங்கினார்.

பாதியில் நின்ற கதை கேட்பவனுக்குத் தலைவலி. எழுதுகிறவனுக்கு அப்படியல்ல. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், வாயூறியது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"காடு அமைதியாக இருந்த—"

வேண்டாம். அந்தக் காடு எப்போது அமைதியாக இருந்தது? குரங்கு ஒருபக்கம், ஷெல் ஒருபக்கம்.

இரண்டாம் முயற்சி:

"தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மூதூர் வீதி மூடப்பட்டிருந்த காரணத்தினால் பொதுமக்கள் மாற்றுப்பாதைகளை—"

இது அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிய அறிக்கை மாதிரி இருக்கிறது. கிழித்தாயிற்று.

மூன்றாம் முயற்சி:

செல்லத்தம்பியைப் புடையன் கடித்தது.

இது நிற்கிறது. செல்லத்தம்பி ஈச்சிலம்பற்றில் வயல் செய்தவர். காலையில் வைக்கோல் கட்டைத் தூக்கியபோது அதற்குள் கிடந்த பாம்பு கையில் போட்டுவிட்டது. மத்தியானத்துக்குள் பல் முரசிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. மருந்து மூதூர் ஆசுபத்திரியில்தான் இருந்தது. நெல் வாங்க வந்த வியாபாரிகளை இறக்கிவிட்டு நின்றது ஸெய்னுதீனின் ஜீப். பின்பக்கம் இருக்கை இல்லை, இரும்புத் தகடுதான். அதில் வைக்கோலைப் பரப்பி, நாலைந்து பேர் செல்லத்தம்பியைத் தூக்கிக் கிடத்தினார்கள். பக்கத்தில் அவர் மனைவி ராசமலர் ஏறினாள்.

3

இங்கே ராசமலர் அழுதாள் என்று எழுதியிருந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் சந்தேகமாக இருந்தது. அடுத்த கிழமை, காற்றுப் போகாத சில்லோடு, உப்புவெளிக்குப் போய் ஸெய்னுதீனிடம் கேட்டேன்.

"அழுதாவா? ஆரு சொன்ன? வழி முழுக்க மனிசனுக்குப் பேச்சுத்தான்."

ஆகவே அழுகையை வெட்டிவிட்டு இப்படி மாற்றினேன்:

"தடியால தட்டிப்போட்டுத் தூக்குங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டீங்களே? கண்ணை மூடாதையுங்கோ. உங்களோடதான் கதைக்கிறன். பதில் சொல்லுங்கோ!"

"ஓமப்பா... ஓம்," என்றார் செல்லத்தம்பி.

அவர் நித்திரையாகிவிடக் கூடாது என்பதற்காக அவள் ஏசினாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் செய்த பிழைகள் எல்லாம் அன்றைக்கு உதவிக்கு வந்தன.

4

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது.* அன்றைக்கு முன்னால் போன வாகனத்தின் சில்லுத் தடத்தில்தான் அடுத்த வாகனம் போகும். ஒரு சாண் விலகாது. முன்னால் எவரும் போகவில்லையென்றால் மாடுகளை முன்னே சாய்த்து ஓட்டிவிட்டுப் பின்னால் போவார்கள். அன்று மாடு தேடவும் நேரமில்லை, தேவையும் இல்லை. முதல்நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. அதன்மேல் புதிய தடம் ஒன்று, இடமும் வலமுமாக, காட்டுக்குள் போயிருந்தது.

"ஆரோ விடியவே போயிருக்கான்," என்று ஸெய்னுதீன் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு அதில் சில்லை வைத்தார்.

(* அடிக்குறிப்பு: கண்ணிவெடியை யார் புதைத்தார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும்தான். புதைத்தவனுக்கே மறந்துபோன இடங்களும் இருந்தன.)

பாதிவழியில் முறிந்த பாலை மரக் கட்டை ஒன்று முன் இடச்சில்லைக் கிழித்தது. மேலதிக ரியூப் இல்லை. ரியூப் கொண்டுபோகச் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள். அந்த நாட்களில் இதற்கும் ஒரு வழி இருந்தது: ரயருக்குள் ரியூபுக்குப் பதிலாக வைக்கோலை ஈரமாக்கி அடைத்து ஓட்டுவது.

"தங்கச்சி, வைக்கல் வேணும்," என்றார் ஸெய்னுதீன்.

இருந்த வைக்கோல் எல்லாம் செல்லத்தம்பியின் கீழே இருந்தது. ராசமலர் ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு புருசனை ஒரு பக்கம் புரட்டி உருவினாள், மறுபக்கம் புரட்டி உருவினாள். அவர் வெறும் இரும்பில் கிடந்தார். "குளிருது," என்றார். உச்சி வெயில் அது.

இந்தப் பந்தியைத் திருத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

ஸெய்னுதீன் தடத்துக்குள்ளேயே முழந்தாளிட்டு வைக்கோலை அடைத்துக்கொண்டிருந்தார். தடத்தை விட்டு வெளியே காலை வைக்க ஏலாது. அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் ஈரமண்ணில் அதைக் கண்டார்.

தடத்தில் ஒரு தையல். வெடித்த ரயரை வலை நூலால் இழுத்துத் தைத்தால் அந்தத் தழும்பு, சில்லு சுற்றும் ஒவ்வொரு தரமும் மண்ணில் விழும். தையல் அவருடையது. மீன்பிடிக்காரர் வலைக்குப் போடும் முடிச்சைத்தான் அவர் ரயருக்கும் போடுவார், மூதூரில் வேறெவரும் அப்படிச் செய்வதில்லை. இந்த ரயரை அவர் தைத்துக் கொடுத்தது அபூதாஹிருக்கு. அவரும் ஜீப் ஓட்டியவர். போன மாதம் இதே பாதையால் வந்து காணாமற் போனவர். ஆளும் இல்லை, ஜீப்பும் இல்லை, வெடிச்சத்தம் கேட்டவர்களும் இல்லை.

"அபூதாஹிர் உசிரோட இருக்கான் எண்டு முதல்ல சந்தோசப்பட்ட நான்," என்றார் என்னிடம். "பொறகு பொனெற்றுக்கு மேலால ஏறி அந்தப் பக்கத் தடத்தையும் பாத்தன்."

வலப்பக்கத் தடத்திலும் அதே தையல்.

அபூதாஹிரின் ஜீப்பில் தைத்த ரயர் ஒன்றுதான் இருந்தது. அது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் ஓடாது. ஸெய்னுதீன் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் ரயரில் வெட்டிய வரிகளின் பூ முன்னோக்கி விழுந்திருந்தது. வலப்பக்கம் பின்னோக்கி.

அவர்கள் இவ்வளவு தூரமும் நம்பி வந்தது வாகனத் தடத்தை அல்ல. எவனோ ஒருவன் அந்த ஒற்றை ரயரைக் கையால் உருட்டிக்கொண்டு போய், மறுபக்கத்தால் உருட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். ஒரு ரயரின் பாரத்துக்கு வெடி வெடிக்காது. நடுவிலிருந்த புல் மிதிபடவில்லை. கால்தடம் ஒன்றுகூட இல்லை.

[இந்த இடத்தில் உருட்டியவன் யார் என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். மூன்றாவதில் அபூதாஹிரின் ஆவி வந்தது. "மௌத்தானவனுக்கு ரயர் உருட்டுறதுதான் வேலையா?" என்று ஸெய்னுதீன் என்னைக் கேலி செய்தார். சிரித்துவிட்டு, சிரிப்பு நின்றதும் சொன்னார்: "திரும்பி வந்திருக்கான், தம்பி. எங்க திரும்பி வந்த? நாங்க வெளிக்கிட்ட இடத்துக்குத்தான். சுத்தி நிண்ட சனத்துக்குள்ள அவனும் நிண்டிருப்பான். அந்த மனிசனைத் தூக்கிக் கிடத்த ஒரு கை குடுத்தும் இருப்பான்."]

6

வைக்கோல் சில்லு குதித்துக் குதித்து ஓடியது. கொஞ்சத் தூரத்தில் பாதை பிரிந்தது. தையல் தடம் இரண்டும் வலப்பக்கம் திரும்பிக் குளக்கட்டை நோக்கிப் போயின. அது நீண்ட சுற்றுவழி. நேரே போவது மூதூருக்குக் குறுக்குவழி. மழைக்குப் பிறகு அதில் எதுவும் போகவில்லை, மண் கழுவிய பீங்கான் மாதிரி இருந்தது.

தடத்தைப் போட்டவன் வெடி இல்லாத வழியைக் காட்டினானா? அல்லது வெடிமேல் கொண்டுபோய் விடத்தான் உருட்டினானா? நல்லவன் என்றாலும் சுற்றுவழி சுற்றுவழிதான். செல்லத்தம்பியின் உடம்பில் விசம் ஏறிக்கொண்டிருந்தது.

ஸெய்னுதீன் எல்லாவற்றையும் ராசமலருக்குச் சொன்னார். அவளுடைய ஏச்சு நின்றது.

"ஸெய்னுதீன் நானா, நீங்கள் சொல்லுங்கோ," என்று அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கு வாய் வருதில்ல, தங்கச்சி. உங்கட மனிசன்."

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

முடிவு (அ): வலப்பக்கம் காட்டினாள். குளக்கட்டில் தடம் பத்திரமாக—

முடிவு (ஆ): நேரே காட்டினாள். ஜீப் அந்த வெறும் மண்ணில்—

7

இரண்டும் நிற்கவில்லை. ஸெய்னுதீன் எனக்கு முன்னால் உட்கார்ந்து ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தபடியால் வெடி வெடிக்கவில்லை என்று உங்களுக்கு முதலாம் பகுதியிலேயே தெரியும். கெட்டிக்கார எழுத்தாளன் அதை மறைத்திருப்பான். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. அதற்காகவே மூன்றாம் முறையும் போனேன்.

"செல்லத்தம்பி?"

"ராசமலர் இப்ப தனியத்தான் இருக்கிறா," என்றார்.

அந்த மனிதரை நான் கண்டதே இல்லை. அவரைப் பிழைக்க வைத்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனாலும் எழுதுகிறவனின் புத்தி போகுமா, கேட்டேன்.

"எந்தப் பக்கம் போனனீங்கள், நானா?"

அவர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"சொல்ல மாட்டன். இந்தப் பக்கம் எண்டு சொன்னா, மற்றப் பக்கம் போயிருக்கலாமே எண்டு எழுதுவீங்க. வாசிக்கிறவனும் அதத்தான் நெனைப்பான். அவட ஊருல எல்லாரும் அதத்தான் அவவுக்குச் சொன்ன. செத்த வீட்டுக்கு வந்து சோறு திண்டுபோட்டுச் சொன்ன."

ஆகவே அவள் கை நீட்டிய வரியையும் வெட்டிவிட்டு, ஜீப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதை பிரிகிற இடம், வெயில், வெறும் இரும்பில் கிடக்கும் மனிதர். இந்தப் பக்கத்தில் அவருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. ராசமலர் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் கையைக் காட்டவில்லை.

உங்களுக்கு இதற்குள் ஒரு பக்கம் சரியென்று பட்டிருக்கும். எனக்கும் பட்டது. அதை என்னிடம் சொல்லி என்ன பயன்? ஜீப்புக்குக் கிட்டப் போய் அவளிடம் சொல்லுங்கள். கேட்பாள், உங்கள் முகத்தைப் பார்த்துக் கவனமாகவே கேட்பாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்பாள்:

"அப்ப நீங்கள் ஜீப்புக்கு முன்னுக்கு நடக்கிறீங்களே?"